செய்மதி வழியே ஒரு செய்தி
அமெச்சூர் வானொலி நிலையத்தை இயக்கப் பழகுவோம்



வீட்டையும் வயலையும் விட்டு ஒரே இரவில் வெளியேறிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வேளையில் சோறு, தண்ணீர், பாய் என்பவற்றுக்கு முன்பாகவே எல்லோர் வாயிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "எங்கட ஆக்கள் எங்கே?"

போர்க்காலத்தில் இக்கேள்விக்குப் பதில் வர மாதங்கள் சென்றன. பலருக்குப் பதில் வரவேயில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் மாத்தளை உட்பட மலைநாட்டை உலுக்கியபோதும் இதுவே எழுந்தது. இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால், நிலத்தடிக் கம்பி அறுந்துவிட்டால், கையில் இருப்பது வெறும் ரோச் லைட்தான்.

அப்படியான வேளையில், கோபுரமோ கம்பியோ இல்லாமல் செய்தி அனுப்ப ஒரு வழி உண்டு. அதுவே அமெச்சூர் வானொலி. சிறியதொரு நிலையத்தைக் கொண்டு வானில் சுற்றும் செய்மதி வழியாகப் பேசுவது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். திசை, நேரம் பற்றிய கணக்குகள் சீகிரியாவை இடமாக வைத்துத் தரப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்போருக்கும் இவற்றில் பெரிய வேறுபாடு இராது.

1. சீகிரியாவும் செய்மதியும்

சீகிரியாக் குன்றைச் செய்மதியோடு சேர்த்துப் பேசுவது புதிதல்ல. ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் 1956 முதல் 2008 இல் இறக்கும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தார். 1979 இல் அவர் வெளியிட்ட நாவலொன்றில் வரும் குன்றுக் கோட்டை சீகிரியாவைப் பார்த்து எழுதப்பட்டது. அந்நாவலில், பூமியிலிருந்து செய்மதிப் பாதை வரை ஒரு கோபுரம் எழுப்பப்படுகிறது.

அது கற்பனை. ஆனால் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், 1945 ஒக்டோபரில், ஒரு வானொலிச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை கற்பனையாகவே நின்றுவிடவில்லை. நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும். கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அதன் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று அவர் விளக்கினார். இன்று நம் வீட்டுக் கூரையில் உள்ள தொலைக்காட்சித் தட்டு எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்பது இக்காரணத்தால்தான்.

2. அமெச்சூர் வானொலி என்றால் என்ன?

சம்பளத்துக்காக அல்லாமல், விருப்பத்தினாலும் கற்கும் ஆர்வத்தினாலும் வானொலி நிலையம் நடத்துவோரை அமெச்சூர் வானொலியாளர் என்கிறோம். 'ஹாம்' என்றும் சொல்வர். இவர்கள் பரீட்சை எழுதி அரசின் அனுமதி பெற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இலங்கையருடைய குறி '4எஸ்' என்று தொடங்கும்.

இவர்கள் பேசுவதோடு நிற்கவில்லை. தமக்கென்று செய்மதிகளையும் செய்தார்கள். முதலாவது செய்மதியான 'ஒஸ்கார்-1' அமெரிக்காவிலிருந்து 1961 டிசம்பர் 12 ஆம் திகதி ஏவப்பட்டது. அதன் பற்றரி மூன்று கிழமை மட்டுமே தாங்கியது. 2005 மே 5 ஆம் திகதி இந்தியா 'ஹாம்சாட்' என்ற செய்மதியைச் சிறிஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது. தென்னாசிய வானொலியாளர் பலர் அதன் வழியே பேசிப் பழகினர். 2014 இல் அதன் பற்றரி கெட்டு அது ஓய்ந்தது. செய்மதிக்கும் ஆயுள் உண்டு என்பதை இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டும். எந்தச் செய்மதியை நம்பினாலும், அது இன்று வேலை செய்கிறதா என்று முதலில் விசாரிப்பது அவசியம்.

3. நம் தலைக்கு மேல் வரும் ஒரு செய்மதி

பெரும்பாலான அமெச்சூர் செய்மதிகள் வடதுருவத்தையும் தென்துருவத்தையும் தொட்டுச் சுற்றுவன. அவை நம் வானில் ஒரு நாளில் சில தடவைகள் மட்டுமே வரும். நமக்கு வாய்ப்பான செய்மதி ஒன்று இந்தோனேசியாவில் செய்யப்பட்டது. அப்போது அந்நாட்டு விண்வெளி நிறுவனமாக இருந்த 'லாப்பான்', அமெச்சூர் வானொலிச் சங்கமான 'ஓராரி' ஆகியவற்றின் பெயரில் வழங்கும் இச்செய்மதியை வானொலியாளர் 'ஐஓ-86' என்பர். அனர்த்த காலத்தில் தீவுகளுக்கிடையே செய்தி செல்ல வேண்டும் என்ற நோக்கமும் இதன் அமைப்பில் உண்டு. 80 கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ள இது 2015 செப்டெம்பர் 28 ஆம் திகதி சிறிஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இச்செய்மதி சுமார் 650 கிலோமீற்றர் உயரத்தில் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுகிறது. வடக்கே 6 பாகைக்கு மேலும் தெற்கே 6 பாகைக்குக் கீழும் அது செல்வதில்லை. இலங்கை ஏறத்தாழ வடக்கே 6 முதல் 10 பாகை வரை கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அது நம் வானைக் கடந்தே செல்ல வேண்டும். இதனால் நமக்குக் கிடைக்கும் பயன்களைப் பாருங்கள்:

• ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வரும். காலை 6 மணிக்கு வந்தால் அடுத்தது 7.45 அளவில், பின்னர் 9.30 அளவில். கணினி இல்லாவிட்டாலும் மணிக்கூட்டைக் கொண்டே மதிப்பிடலாம்.

• ஒவ்வொரு தடவையும் 12 முதல் 14 நிமிடம் வரை நம் வானில் இருக்கும். அடிவானத்தை ஒட்டிய முதல் சில நிமிடங்களிலும் கடைசிச் சில நிமிடங்களிலும் ஒலி தெளிவாக இராது. நல்ல நேரம் என்பது எட்டு, பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• மேற்கே எழுந்து கிழக்கே மறையும். சீகிரியா 6 பாகைக்கு வடக்கே இருப்பதால், செய்மதி எப்போதும் நமக்குத் தெற்குப் பக்கமாகவே செல்லும். சில வேளை உச்சிக்குக் கிட்டவும், சில வேளை தெற்கு அடிவானத்திலிருந்து 15 பாகை அளவிலும் போகும்.

கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், முட்டியின் அகலம் வானில் சுமார் 10 பாகை. 15 பாகை என்பது ஒன்றரை முட்டி. ஆகவே நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது தெற்கு வானம் திறந்திருக்கிறதா என்று முட்டியால் அளந்து பாருங்கள். குன்றுக்கு வடக்கே அரைக் கிலோமீற்றரில் நிற்பவருக்குக் குன்றே இரண்டு முட்டி வானத்தை மறைத்துவிடும். அங்கே தாழ்வாகச் செல்லும் செய்மதியின் குரல் வராது. குன்றுக்குத் தெற்கே உள்ள வெட்டை அல்லது குளக்கட்டு நல்ல இடம்.

இச்செய்மதியின் பேச்சு மறுபரப்பி எந்நேரமும் இயங்குவதில்லை, அட்டவணைப்படியே திறக்கப்படும். ஆகவே இதை ஒரே வழியாக நம்பாமல், வேறு செய்மதிகளையும் அறிந்து வையுங்கள்.

4. நிலையத்துக்கு வேண்டியவை

(அ) இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் வேலை செய்யும் 5 வாற் கையடக்க வானொலி. இரண்டு இருந்தால் சிறப்பு: ஒன்றில் பேசும்போதே மற்றதில் உங்கள் குரல் செய்மதியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்கலாம்.

(ஆ) திசை பார்த்துப் பிடிக்கும் அன்ரனா. கடையில் வாங்கலாம், கையாலும் செய்யலாம். இரும்பு அளவுநாடாவை வெட்டி, நாம் எஸ்லோன் பைப் என்று சொல்லும் குழாயில் பூட்டிப் பலர் செய்கிறார்கள். 145 மெகாஹேர்ட்ஸ் பட்டைக்கு நாடாத் துண்டுகள் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். 435 பட்டைக்கு ஏறத்தாழ 33 சென்றிமீற்றர்.

(இ) 12 வோல்ற் பற்றரியும் அதை ஏற்றச் சிறிய சூரியத் தகடும். மின்சாரம் போன பிறகு வேலை செய்யாத நிலையத்தால் நமக்குப் பயனில்லை.

(ஈ) காதில் மாட்டும் ஒலிவாங்கி, சரியான மணிக்கூடு, கொப்பி, பென்சில்.

5. இயக்கும் முறை

ஒன்று: செய்மதி வரும் நேரங்களை ஒரு கிழமைக்கு முன்னதாகவே கணித்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இணையம் அறுந்த பிறகு தேட முடியாது.

இரண்டு: மேலே அனுப்பும் அலைவரிசையை 145.880 இல் வையுங்கள். அதனுடன் 88.5 ஹேர்ட்ஸ் என்ற மெல்லிய தொனியும் சேர்ந்து போக வேண்டும். அத்தொனி இல்லாவிட்டால் செய்மதி உங்கள் குரலை ஏற்காது. அது கதவுத் திறப்புப் போன்றது.

மூன்று: கீழே வருவது 435.880 இல். ஆனால் செய்மதி நம்மை நோக்கி விரைந்து வரும்போது அலைவரிசை சற்று ஏறியும், விலகிச் செல்லும்போது சற்று இறங்கியும் கேட்கும். கிட்ட வரும் ரயிலின் கூவல் உயர்ந்தும், கடந்து போனதும் தாழ்ந்தும் ஒலிப்பது இவ்வாறே. ஆகவே தொடக்கத்தில் 435.890, பின்பு 435.885, நடுவில் 435.880, பின்பு 435.875, முடிவில் 435.870 என்று படிப்படியாக மாற்றுங்கள்.

நான்கு: அன்ரனாவை மேற்கு அடிவானத்துக்கு நீட்டி, செய்மதியோடு மெல்லத் தெற்கு வழியாகக் கிழக்கே திருப்புங்கள். ஒலி மங்கினால் மணிக்கட்டைச் சுழற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஐந்து: முதலில் கேளுங்கள். செய்மதியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். அது பரந்ததொரு நிலப்பரப்பைப் பார்க்கிறது. இங்கிருந்து நீங்கள் பேச, அங்கே இந்தோனேசியாவில் ஒருவர் பேசினால் இரண்டு குரலும் கெடும். வாய்க்கால் தண்ணீருக்கு வட்டை விதானை முறை வைப்பதுபோல இங்கேயும் முறை உண்டு. ஆனால் இங்கே விதானை இல்லை. ஒவ்வொருவரும் தாமே முறை காக்க வேண்டும். அவசரச் செய்தி உள்ளவருக்கு மற்ற எல்லோரும் வழி விடுவது வழக்கம்.

ஆறு: உங்கள் அழைப்புக் குறியையும் இடக் குறியையும் சொல்லி, பதிலுக்குக் காத்திருங்கள். உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். சீகிரியா 'என்ஜே07' என்ற கட்டத்தில் உள்ளது; கொழும்பு 'எம்ஜே96'.

6. செய்தியை எழுதும் ஒழுங்கு

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவே. கருவியைப் பிடிக்க ஒரு நாளில் பழகலாம். பதற்றத்தில் நிற்கும் சனத்தின் நடுவில், பத்து நிமிடத்துக்குள், பிழையில்லாமல் செய்தி சொல்வது நெடுநாட் பயிற்சியால் வருவது.

இந்த இரண்டு செய்திகளையும் ஒப்பிடுங்கள்.

முதலாவது: "இங்கே சரியான கஷ்டம். சனம் கனக்க வந்திட்டுது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. கெதியாய் உதவி அனுப்புங்கோ."

இரண்டாவது: "பாடசாலை மண்டபத்தில் 42 குடும்பம். கைக்குழந்தை 6. நாளை காலைக்குள் 2 பேருக்கு இன்சுலின் தேவை. குடிநீர் இல்லை. வடக்குப் பாதை மூடியுள்ளது. கிழக்குப் பாதையால் லொறி வரலாம்."

முதலாவதில் துன்பம் உண்மையானது. ஆனால் அதைக் கேட்பவருக்கு லொறியில் எதை ஏற்றுவது, எந்தப் பாதையால் அனுப்புவது என்று தெரியாது. இரண்டாவதை வாசிக்க அரை நிமிடம் போதும். கேட்டவர் உடனே வேலையைத் தொடங்கலாம்.

பேசுவதற்கு முன் ஒவ்வொரு செய்தியையும் கொப்பியில் இப்படி எழுதுங்கள்: செய்தி இலக்கம், அவசரமா, சாதாரணமா, எங்கிருந்து, யார் பொறுப்பில், யாருக்கு, திகதியும் நேரமும், பின்பு 25 சொற்களுக்குள் செய்தி.

எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலில் 'எழுபது' என்பது 'எண்பது' என்று கேட்கும். 'தொண்ணூறு' என்பது 'தொள்ளாயிரம்' ஆகிவிடும். 'ஏழு, பூச்சியம்' என்றால் குழப்பமில்லை. ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள். பெற்றுக்கொண்டவர் முழுவதையும் திருப்பி வாசிக்க வேண்டும். திருப்பி வாசிக்காத செய்தி போய்ச் சேராத செய்தி என்றே கருதுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். இதில் மறைவு கிடையாது. நீங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம். ஒருவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை வெளியே சொல்வது சிலருக்கு உதவி. வேறு சிலருக்கு ஆபத்து. தனியே வந்த பெண்கள், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் ஆகியோரின் பெயரையும் இடத்தையும் வானொலியில் வாசிக்கவே கூடாது. மற்றவர்களுடைய பெயரையும் அவர்களது சம்மதம் கேட்ட பின்னரே சொல்ல வேண்டும்.

7. அனுமதியும் எல்லைகளும்

போர்க்காலத்தில் ஒரு சிறு வானொலிப் பெட்டியும் சந்தேகத்துக்கு இடமளித்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே இதில் ஒளிவுமறைவு வேண்டாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலை பரப்பும் கருவியைப் பயன்படுத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அமெச்சூர் பரீட்சை பற்றிய விபரங்களையும் அங்கேயே பெறலாம். கருவியை வாங்குவதற்கு முன் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டறியுங்கள். கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தெரியப்படுத்தியே தொடங்குங்கள்.

அமெச்சூர் வானொலியில் வியாபாரம் பேசக்கூடாது. தம்புள்ளைச் சந்தையில் இன்று வெங்காயம் என்ன விலை என்று விசாரித்து விற்பனை பேச இதைப் பயன்படுத்த முடியாது. பிறருக்கான செய்திகளை நாடு கடந்து அனுப்புவதும் அவசர நிலைக்கும் அனர்த்த நிவாரணத்துக்கும் மட்டுமே உரியது.

பாதுகாப்பையும் கவனியுங்கள். இடி முழக்கம் கேட்டால் அன்ரனாவைக் கீழே வையுங்கள். சீகிரியாப் பகுதியில் இருட்டிய பின் வெட்டைக்கும் குளக்கட்டுக்கும் தனியே போவது யானையால் ஆபத்து. இரவில் வரும் செய்மதியை வளவுக்குள் நின்றே பிடியுங்கள். தெற்கே உச்சிக்குக் கிட்டச் செல்லும் வேளைகளில் அங்கிருந்தும் கேட்கும்.

8. சுனாமி தந்த பாடம்

2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையில் தொலைபேசி அற்றுப்போனது. இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சிற்றலை வானொலிகளுடன் அங்கே சென்று, கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்தோடு தொடர்பை ஏற்படுத்தினர். அதே வேளை அந்தமான் தீவில், ஏற்கெனவே நிலையம் அமைத்திருந்த இந்திய வானொலியாளர் குழு தீவின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பியது.

இவ்விரு இடங்களிலும் பயன்பட்டது சிற்றலையே. இதை ஒளிக்க வேண்டியதில்லை. சீகிரியாவிலிருந்து கொழும்புக்குப் பேச 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலை பல வேளை செய்மதியிலும் வசதியானது. பத்து நிமிடத்தில் முடிந்துபோவதுமில்லை. ஆனால் அதற்கு நீண்ட கம்பியும் பெரிய கருவியும் வேண்டும். செய்மதிக்கோ கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கருவி போதும். இரண்டையும் அறிந்தவர் எந்த நிலையிலும் கைவிடப்படார்.

இரண்டு சம்பவங்களுக்கும் பொதுவான காரணம் ஒன்று: அந்த மனிதர்கள் அனர்த்தத்துக்கு முன்பே பழகியிருந்தார்கள். மழை தொடங்கிய பிறகு குளக்கட்டு கட்ட முடியாது.

2018 நவம்பர் 15 ஆம் திகதி ஏவப்பட்ட கட்டார் நாட்டுச் செய்மதி ஒன்றில் அமெச்சூர் வானொலியாளருக்கும் இடம் கிடைத்தது. கிளார்க் சொன்னதுபோல இது ஒரே இடத்தில் நிற்பது; நேரம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. சீகிரியாவிலிருந்து பார்த்தால், மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, அடிவானத்துக்கு மேல் சுமார் 27 பாகையில், அதாவது மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அது உள்ளது. ஆனால் இதற்குத் தட்டு அன்ரனாவும் கூடுதல் கருவிகளும் வேண்டும். பழகியவர்களுக்கு இது அடுத்த படி.

9. எங்கே தொடங்குவது?

பேசுவதற்கு முன் கேட்டுப் பழகுங்கள். அனுமதி பெற்ற வானொலியாளர் ஒருவரை உங்கள் ஊருக்கு அழைத்து, அவர் கருவியிலேயே செய்மதியின் குரலைக் கேளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளவர்களும் 145.800 மெகாஹேர்ட்சில் இடையிடையே பேசுவார்கள். மாலையில் வானில் பிரகாசமாக நகரும் ஒளியைக் காட்டி, "அதிலிருந்து பேசுகிறார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், மறுநாள் அவர்களே பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குவார்கள்.

செய்தி எழுதும் பயிற்சிக்குக் கருவியே தேவையில்லை. கொப்பியும் பென்சிலும் போதும். அதை இன்றிரவே தொடங்கலாம்.

குழுவில் செய்து பார்க்க

1. முட்டியால் அளந்து, உங்கள் கிராமத்தில் தெற்கு வானம் நன்கு திறந்த மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள்.

2. நீங்கள் கடைசியாக இடம்பெயர்ந்த நாளை நினைத்து, அன்று அனுப்பியிருக்க வேண்டிய செய்தியை 25 சொற்களில் எழுதுங்கள். ஒருவர் வாசிக்க, அறைக்கு வெளியே நிற்பவர் கேட்டு எழுதித் திருப்பி வாசிக்கட்டும். எத்தனை பிழை?

கலந்துரையாட

1. அனர்த்தம் வந்தால் நம் செய்தியை மறுபக்கத்தில் பெறப்போவது யார்? அவரோடு இப்போதே பேசி வைத்திருக்கிறோமா?

2. நம் ஊரில் பரீட்சை எழுதக்கூடிய இரு இளைஞரும் இரு யுவதிகளும் யார்? அவர்களுடைய பிரயாணச் செலவைச் சங்கம் எப்படிப் பொறுப்பேற்கலாம்?

3. எந்தச் செய்தியை வானொலியில் சொல்லக்கூடாது? ஏன்?